பதில் வராத யன்னல்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய நிகழ்ச்சியொன்றிலே கணனியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கவிதையும் கதையும் கேட்பதற்காக வானொலியைத் திறந்து வைத்தவர்கள், இந்த மனிதருக்கு இங்கே என்ன வேலை என்று நினைக்கக்கூடும். ஆனால், இன்று எழுதுகிறவர்களிலே பலர் பேனையைக் கீழே வைத்து நெடுநாளாகிறது. நாம் எழுதுவதெல்லாம் கணனித் திரையிலே திறக்கும் ஒரு யன்னலுக்குள்ளேதான். அந்த யன்னல் ஒரு நாள் திடீரென்று வெளுத்துப்போய், தலைப்பிலே 'பதிலளிக்கவில்லை' என்ற ஒரு சொல்லைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். எழுதுகிறவர் எவருக்கும் இது ஒரு தடவையாவது நேர்ந்திருக்கும். 'ஸ்டக்காகிவிட்டது' என்போம், 'இறுகிவிட்டது' என்போம், கோபம் மிஞ்சினால் 'செத்துவிட்டது' என்றும் சொல்வோம்.

அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதைச் சரியாக வாசிக்கத் தெரியாதபடியால் நான் இழந்தது ஒரு நாட்டுக்கூத்தின் பாதியை. ஆகவே, இதுவும் இலக்கிய விடயந்தான்.

2010 ஆம் ஆண்டு நடந்தது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமமொன்றிலே, எண்பது வயதைக் கடந்த ஓர் அண்ணாவியார் இருந்தார். வடமோடிக் கூத்தொன்று முழுவதும் அவருடைய நினைவிலே இருந்தது. நினைவிலே மட்டுந்தான் இருந்தது. அதன் கொப்பி 1978 நவம்பர் மாதத்துச் சூறாவளியிலே வீட்டுக் கூரையோடு போய்விட்டது. 'எழுதி வைப்போம் ஐயா' என்று பல தடவை கேட்டு, ஒருவாறு அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

மண்முனைத் துறையிலே அப்போது பாலம் இல்லை. பாதையிலேதான் வாவியைக் கடக்க வேண்டும். மற்றப் பகுதி நேயர்களுக்காகச் சொல்கிறேன், ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போகும் மிதவையை எங்கள் பக்கத்திலே 'பாதை' என்றுதான் சொல்வோம். பழைய மடிக்கணனி ஒன்றைத் துவாயிலே சுற்றி எடுத்துக்கொண்டு, காலை ஒன்பது மணிக்கு அவருடைய திண்ணையிலே போய் அமர்ந்தேன். அவர் ஓர் அடி பாடுவார். நான் பாமினி எழுத்துருவிலே அதைத் தட்டச்சுச் செய்வேன். மத்தளத்தை அவர் தொடவில்லை. தொடையிலே விரலால் தாளம் போட்டபடியே பாடினார். வரவுப் பாட்டு, தரு, விருத்தம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் எழும்பினோம்.

பிற்பகல் நான்கு மணியிருக்கும். அதுவரை அடித்ததைச் சேமிக்க எண்ணி, அதற்குரிய விசையை அழுத்தினேன். கோப்பு இருந்தது ஒரு பென் ட்ரைவிலே. யன்னல் அசையவில்லை. மறுபடி அழுத்தினேன். மவுஸாலே இங்கும் அங்கும் தட்டினேன். திரை வெளுத்தது. மேலே, 'பதிலளிக்கவில்லை'.

அண்ணாவியார் அடுத்த அடிக்கு வாயைத் திறந்தபடி இருந்தார். "என்ன மகன், நிண்டு போச்சா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. கடைசிப் பாதை போய்விடும் என்ற அவசரம் வேறு. அந்த நேரத்திலே திரையிலே ஒரு பெட்டி வந்து, 'காத்திருக்கவா, மூடவா?' என்று கேட்டது. நான் 'மூடு' என்றேன். மூடிவிட்டது. பென் ட்ரைவையும் பிடுங்கிச் சட்டைப் பைக்குள்ளே போட்டுக்கொண்டு புறப்பட்டேன். இரவு வீட்டிலே வந்து திறந்து பார்த்தால், கோப்பு திறக்கவேயில்லை. பின்னேரம் அடித்தது மாத்திரமல்ல, மத்தியானத்துக்கு முன்னர் சேமித்து வைத்திருந்ததுங்கூடப் போய்விட்டது.

மறுநாள் நகரத்திலே கணனி திருத்தும் ஒரு தம்பியிடம் அதைக் கொண்டுபோனேன். அவர் எவ்வளவோ முயன்று பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "சேர், மூடச் சொல்லி அமத்தக்குள்ள பென் ட்ரைவில லைட் மினுங்கினதா?" என்று கேட்டார்.

"மினுங்கினது" என்றேன்.

"அப்ப அது எழுதிக்கொண்டு இருந்திருக்கு சேர். நீங்கதான் கையப் பிடிச்சு நிப்பாட்டிப்போட்டீங்க."

நேயர்களே, அந்த மென்பொருளையோ அதைச் செய்தவர்களையோ குறைகூற நான் வரவில்லை. திரை எனக்குப் பொய் சொல்லவில்லை. 'பதிலளிக்கவில்லை' என்றுதான் அது சொன்னது. 'செத்துவிட்டது' என்று வாசித்தவன் நான். இந்த இரண்டுக்கும் இடையிலே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அறிந்துகொள்ள, அந்த யன்னலுக்குப் பின்னாலே என்ன நடக்கிறதென்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரு தபாற் கந்தோரை நினைத்துக்கொள்ளுங்கள். யன்னலுக்கு உட்புறம் ஒரே ஒரு எழுதுவினைஞர். வெளியே சனம் வரிசையாக நிற்கிறது. முத்திரை கேட்பவர், காசுக்கட்டளை மாற்றுபவர், பதிவுத் தபால் போடுபவர் என்று ஒவ்வொருவராக வந்து கேட்க, அவரும் ஒவ்வொருவராகப் பார்த்து அனுப்புகிறார். கணனியிலே நாம் திறக்கும் ஒவ்வொரு யன்னலும் பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகிறது. நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையும், மவுஸின் ஒவ்வொரு தட்டலும், வரிசையிலே வந்து நிற்கும் ஓர் ஆள். மென்பொருள் அந்த வரிசையின் தலைப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்கிறது.

இப்போது ஒருவர் வந்து, மூன்று மாதத்துக்கு முன்னர் வந்த பொதியொன்றைக் கேட்கிறார். எழுதுவினைஞர் எழும்பிப் பின்னறைக்குள்ளே போகிறார். அங்கே சாக்குகளைப் பிரட்டித் தேடுகிறார். யன்னலிலே ஆளில்லை. வரிசை நீளுகிறது. வெளியே நிற்பவருக்கு அவர் தேடுவது தெரியாது. தேநீர் குடிக்கப் போனாரா, மயங்கி விழுந்தாரா, வீட்டுக்கே போய்விட்டாரா என்பதும் தெரியாது. தெரிவது ஒன்றே ஒன்று. கூப்பிட்டால் பதில் இல்லை.

நல்ல மென்பொருளிலே இப்படி நேராமல் இருக்க, பின்னறை வேலைக்கென்று வேறோர் ஆளை வைத்திருப்பார்கள். யன்னலிலே இருப்பவர் எழும்பவே மாட்டார். எல்லா வேலைக்கும் அப்படி ஆள் வைப்பது இலகுவல்ல. எனவேதான் பெரிய கோப்பொன்றைச் சேமிக்கும்போதும், வலையமைப்பிலே தூரத்திலிருக்கும் ஒன்றைத் தேடும்போதும், யன்னல் வெறிச்சோடிப்போகிறது.

விண்டோஸ் இயங்குதளம் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு மென்பொருள் ஐந்து செக்கன்களுக்கு மேலாகத் தன் வரிசையை எட்டிப்பார்க்கவில்லையென்றால், அது பதிலளிக்கவில்லை என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. லினக்ஸிலே க்னோம் என்ற திரைச் சூழல், யன்னலுக்குள்ளே ஒரு குரல் கொடுத்து, மறுகுரல் வருகிறதா என்று பார்க்கிறது. அதற்கும் வழக்கமான கெடு ஐந்து செக்கன்தான். விரும்பினால் நாம் அதைக் கூட்டிவைக்கலாம். உங்கள் கையிலிருக்கும் அன்ட்ரொயிட் தொலைபேசியிலும், தொட்டதற்கு அதே ஐந்து செக்கனுக்குள்ளே பதில் வராவிட்டால் எச்சரிக்கை வரும். ஐந்து செக்கன் என்பது அண்ணாவியார் ஓர் அடியைப் பாடி மூச்சு வாங்கும் நேரம். அதற்கிடையிலேதான் இயந்திரம் நமக்கு அந்தச் செய்தியைச் சொல்கிறது.

அந்த வெளுத்த திரைக்கும் ஒரு கதை உண்டு. விண்டோஸிலே நாம் அப்போது பார்ப்பது உண்மையான யன்னலே அல்ல. இயங்குதளம் உண்மை யன்னலை மறைத்துவிட்டு, அதே இடத்திலே, அதே அளவிலே ஒரு போலி யன்னலை வைக்கிறது. இதற்கு ஆங்கிலத்திலே 'பேய் யன்னல்' என்று பொருள்படும் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். உள்ளே போன எழுதுவினைஞரின் படத்தை எடுத்து யன்னலிலே சாத்திவைத்தது போன்ற வேலை. அந்தப் போலியை நீங்கள் நகர்த்தலாம், சுருக்கலாம், மூடலாம். அதற்கு மேலே ஒன்றும் செய்ய முடியாது. 2001 இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது.

அதற்கு முந்திய காலம் இதைவிடக் கடினமானது. 1992 இல் வந்த விண்டோஸ் 3.1 இலே மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்தே நடக்க வேண்டியிருந்தது. ஒன்று விட்டுக்கொடுக்க மறுத்தால் கணனி முழுவதுமே நின்றுவிடும். அப்போது நாம் தேடிப்போனது கொன்ட்ரோல், ஓல்ட், டிலீட் என்ற மூன்று விசைகளை. ஐ.பி.எம். நிறுவனத்துப் பொறியியலாளர் டேவிட் பிராட்லி, 1981 இல் வெளிவந்த அவர்களுடைய தனியாள் கணனிக்காக அமைத்த விசைக்கூட்டு அது. 3.1 இலே அதை அழுத்தினால் நீலத் திரையொன்றிலே செய்தி வரும். அந்தச் செய்தியின் வசனங்களை எழுதியவர், பின்னாளில் மைக்ரோசொப்டின் தலைமைப் பதவிக்கு வந்த ஸ்டீவ் போல்மர். பொறியியலாளர்கள் எழுதி வைத்திருந்தது திருப்தியில்லை என்று அவரே உட்கார்ந்து எழுதிக்கொடுத்ததாக, அந்நிறுவனத்தின் நிரலாளர் ரேமண்ட் சென் 2014 இல் பதிவு செய்திருக்கிறார். எச்சரிக்கை எழுதுவதும் ஒரு வசனக் கலைதான் என்பதற்காக இதைச் சொன்னேன். ஒரு சொல் கூடினால் ஆள் பதறுவான். ஒரு சொல் குறைந்தால் அலட்சியம் செய்வான்.

அப்படியானால், இவ்வளவு கெட்டித்தனமான இயந்திரம், 'இந்த மென்பொருள் செத்துவிட்டது' என்றோ, 'இது இன்னும் வேலை செய்கிறது, இரண்டு நிமிடம் பொறு' என்றோ தெளிவாகச் சொல்லக்கூடாதா? நானும் அந்தத் தம்பியிடம் இதைத்தான் கேட்டேன். 'அதுக்கும் தெரியாது சேர்' என்றார். அவர் சொன்னது எவ்வளவு ஆழமானது என்பது பிறகு வாசித்தபோதுதான் விளங்கியது.

அலன் டியூரிங் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் 1936 இலே, இன்றைய கணனிகள் எவையும் பிறப்பதற்கு முன்னரே, இதைச் சிந்தித்தார். அப்போது அவருக்கு 24 வயது. கணிக்கும் இயந்திரத்துக்குக் கொடுக்கப்படும் எந்த நிரலையும் பார்த்து, அது ஒரு நேரத்திலே முடிவுக்கு வருமா, அல்லது முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்குமா என்று தப்பாமல் சொல்லிவிடும் பொதுவான வழியொன்று இருக்க முடியாது என்பதை அவருடைய ஆய்வு காட்டியது. இன்னும் வேகமான கணனி வந்தால் இது தீரும் என்றில்லை. அது கணிதத்தின் எல்லை. வெளியே நிற்கும் பியோனுக்கு, உள்ளே போன எழுதுவினைஞர் எப்போது வருவார் என்று எல்லாச் சந்தர்ப்பத்திலும் சொல்லிவிட முடியாது.

ஆதலால், 'பதிலளிக்கவில்லை' என்பது மிகவும் நேர்மையான ஒரு சொல். தான் கண்டதை மட்டும் சொல்லி, காணாததைச் சொல்லாமல் விடுகிறது. தீர்ப்பை நம்மிடம் விட்டுவிட்டு, காத்திருக்கவா, மூடவா என்று கேட்கிறது. அந்த இடத்திலே நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை, பட்டறிந்தவன் என்ற முறையிலே சொல்கிறேன்.

முதலாவது, கையை எடுத்துவிட வேண்டும். நாம் பதற்றத்திலே அழுத்துகிற ஒவ்வொரு விசையும் வரிசையிலே மேலும் ஓர் ஆளைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. திரை வெளுக்கு முன்னர் அழுத்தியவையெல்லாம் அங்கேயே நிற்கும். மென்பொருள் திரும்பி வந்ததும் அவற்றை ஒன்றும் விடாமல் நிறைவேற்றும். நீங்கள் இடையிலே அழிப்பு விசையை நாலு தரம் தட்டியிருந்தால், உங்கள் பாட்டிலே நாலு எழுத்துப் போயிருக்கும்.

இரண்டாவது, உயிர்க்குறி பார்க்க வேண்டும். பென் ட்ரைவிலே விளக்கு மினுங்குகிறதா? கணனியின் வட்டுக்குரிய விளக்கு மினுங்குகிறதா? விண்டோஸிலே கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். 1996 இன் விண்டோஸ் என்.டி. 4.0 இலிருந்து இது இருக்கிறது. அதிலே உங்கள் மென்பொருளின் பெயருக்கு நேரே, செயலியின் வேலை, நினைவகம், வட்டு என்று இலக்கங்கள் தெரியும். அந்த இலக்கங்கள் மாறிக்கொண்டிருந்தால் உள்ளே யாரோ சாக்குகளைப் பிரட்டிக்கொண்டிருக்கிறார் என்று கொள்ளலாம். எல்லாம் சூனியத்திலே கிடந்தால், அது வேறு எதற்கோ காத்திருக்கிறது. கழற்றிய பென் ட்ரைவ், நிறுத்திவைத்த அச்சுப்பொறி, அறுந்துபோன இணைப்பு என்று அதைத் தேடிப் பாருங்கள். திருப்பிப் பொருத்தியவுடன் உயிர் வந்த யன்னல்களை நான் கண்டிருக்கிறேன்.

வேறொரு வேடிக்கையும் உண்டு. திரை வெளுக்காது, ஆனால் எங்கே தட்டினாலும் 'டொங்' என்ற ஒலி மட்டும் வரும். அப்போது மற்ற யன்னல்களுக்குப் பின்னாலே எட்டிப் பாருங்கள். சின்னப் பெட்டியொன்று மறைந்திருந்து, 'இதைச் சேமிக்கவா, வேண்டாமா?' என்று உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும். அது பதிலளிக்கவில்லை என்று நாம் குறைப்படுகிறோம். அதுவோ நம்முடைய பதிலுக்காகக் காத்திருக்கிறது. கணனிக்கு வெளியேயும் இப்படி நடப்பதுண்டு.

மூன்றாவது, மூடத்தான் வேண்டுமென்றால், மூடுவதற்கு முன்னர் திரையிலே எழுத்துத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கைத்தொலைபேசியாலே ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஒரு பக்கமாவது மிஞ்சும். அத்துடன், வேர்ட் போன்ற மென்பொருள்கள் வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கொரு தடவை தாமாகவே ஒரு மீட்புப் பிரதியை எடுத்துவைக்கும். மீண்டும் திறக்கும்போது அது கிடைக்கலாம். ஆனால், நான் இழந்தது போல, அந்தப் பத்து நிமிடத்துக்குள்ளேயும் ஒரு விருத்தம் போய்விடும். ஒரு பாட்டு முடிந்தால் ஒரு சேமிப்பு, பென் ட்ரைவிலே அல்ல, முதலிலே கணனியிலே. இதுதான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது.

எப்போதும் காத்திருந்தால் போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். உண்மையாகவே நின்றுவிட்ட மென்பொருளும் உண்டு. மட்டக்களப்பின் கல்லடிப் பழைய பாலம் ஒற்றை வழிப் பாலம். 2013 இல் புதிய பாலம் திறக்கப்படும் வரை அதிலேதான் எல்லாரும் போய்வந்தோம். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு லொறி ஏறி நடுவிலே சந்தித்து, 'நீ பின்னுக்குப் போ, பிறகு நான் வருகிறேன்' என்று இரண்டு சாரதிகளும் பிடிவாதமாக இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். விடியும்வரை காத்திருந்தாலும் வழி பிறக்காது. மென்பொருளுக்குள்ளேயும் இரண்டு வேலைகள் இப்படி ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றுவிடுவதுண்டு. உயிர்க்குறி ஒன்றுமில்லை, வெளியிலே குறையுமில்லை, நேரமும் போதியளவு கொடுத்தாயிற்று என்றால், தயங்காமல் மூடத்தான் வேண்டும். வள்ளுவர் 'காலமறிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்தார். காத்திருக்கும்போது கொக்கைப் போல ஒடுங்கியிரு, காலம் வாய்த்ததும் அது கொத்துவது போலச் செய்துமுடி என்பது அதிலே அவர் தரும் உவமை. கொக்கு சோம்பலாலே அசையாமல் நிற்பதில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது. வெள்ளைத் திரைக்கு முன்னாலே நாம் காத்திருக்க வேண்டியதும் அப்படித்தான்.

இந்தப் பாடம் எனக்குப் பிற்காலத்திலே பயன்பட்டது. பாமினியிலே அடித்து வைத்திருந்த என் சேகரிப்பு முழுவதையும் யுனிகோட் முறைக்கு மாற்ற வேண்டிவந்தது. பாமினியிலே திரையில் தமிழாகத் தெரிவது கணனிக்கு ஆங்கில எழுத்துத்தான். எழுத்துருவைக் கழற்றினால் வெறும் குழப்பம். ஒவ்வொரு எழுத்தாக மாற்றும் நிரலொன்றை ஓடவிட்டேன். சில செக்கன்களிலே யன்னல் வெளுத்தது. அதே சொல். அதே பெட்டி. கை தானாக மவுஸுக்குப் போனது. திருப்பி எடுத்துக்கொண்டு டாஸ்க் மனேஜரைத் திறந்தேன். நினைவகத்தின் இலக்கம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. குசினிக்குப் போய்த் தேநீர் வைத்துக் குடித்தேன். ஏறக்குறைய இருபது நிமிடங்களுக்குப் பிறகு வந்து பார்த்தபோது வெள்ளை விலகியிருந்தது. அத்தனை பக்கமும் புதிய தமிழாக மாறியிருந்தது. ஒரு சத்தமும் இல்லாமல் அது தன் வேலையைச் செய்து முடித்திருந்தது.

இனி, அண்ணாவியாரிடம் திரும்புகிறேன்.

ஒரு கிழமை கழித்து மறுபடியும் பாதையேறிப் போனேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "திரும்பப் படிக்கலாம் மகன். ஆனா அண்டைக்குப் படிச்சது வராது. இண்டைக்குள்ளதுதான் வரும்" என்றார். அப்படித்தான் ஆனது. கதை ஒன்றுதான், வரவுகளும் ஒன்றுதான், ஆனால் அடிகள் பல இடங்களிலே வேறு. முதல்நாள் கேட்ட ஓர் அழுகைத் தருவின் சொற்கட்டு இன்றும் என் காதின் ஓரத்திலே நிற்கிறது. பிடித்து எழுதப்போனால் நழுவிவிடுகிறது.

அன்று பிற்பகல், விருத்தமொன்றை முடித்த பிறகு அவர் பேசாமல் இருந்துவிட்டார். கண்களை மூடியிருந்தார். வாய் அசையவில்லை. ஒரு நிமிடம் போனது, இரண்டு போனது. களைத்துவிட்டார் என்று நினைத்தேன். மறந்துவிட்டார் என்றும் நினைத்தேன். 'போதும் ஐயா, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்' என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் பார்த்தேன். அவருடைய சுட்டுவிரல் தொடையிலே மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. மிக மெல்ல. கவனித்துப் பார்த்தால்தான் தெரியும்.

எனக்கு அந்தத் தம்பி கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. லைட் மினுங்கினதா, சேர்?

நான் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று கணக்கு வைக்கவில்லை. முற்றத்து வெயில் திண்ணைக்கு ஏறிவிட்டது. பிறகு அவர் கண்ணைத் திறக்காமலே பாடத் தொடங்கினார். முதல்நாள் அவர் பாடாத தரு அது. இளம் வயதிலே தன்னுடைய அண்ணாவியாரிடம் கேட்டதென்றும், ஐம்பது வருடமாகத் தன் வாயிலே வந்ததில்லை என்றும் பிறகு சொன்னார்.

2012 இலே அவர் காலமானார். இன்று அந்தக் கூத்தின் பிரதி என்று சொல்லக்கூடியது அந்த இரண்டாம் நாள் எழுதியதுதான். அதிலே முதல்நாளின் தருக்கள் பல இல்லை. அவை போனதற்கு நான் பொறுப்பு. ஆனால், அந்த ஒரு தரு இருக்கிறது.

இப்போதும் என் திரையிலே அந்தச் சொல் வரும்போதெல்லாம் நான் முதலிலே பார்ப்பது 'மூடு' என்ற பொத்தானை அல்ல. எங்கேயாவது ஒரு விரல் தட்டிக்கொண்டிருக்கிறதா என்றுதான்.